ஸ்கில்லாவும் கரிப்டிஸும்

பழங்கதை மறக்கப்பட்ட பின்னரும் அக்கதையிலே தோன்றிய பெயர்கள் மக்கள் நாவிலே நிலைத்துவிடுவதுண்டு. இராமாயணத்தை ஓதியறியாத தாயும் விடிந்தபின் உறங்கும் மகனைக் கும்பகருணன் என்றே ஏசுவாள். விசுவாமித்திரர் வரலாறு அறியாதவரும், இங்குமன்றி அங்குமன்றி நிற்பவன் நிலையைத் திரிசங்கு சுவர்க்கம் என்று குறிப்பர். கதை தேய்ந்து பெயராகிப் பெயர் தேய்ந்து உவமையாகி, ஈற்றில் மொழியின் பொதுச்சொத்தாகிவிடுகின்றது.

ஐரோப்பிய மொழிகளிலே இவ்வாறு நிலைபெற்ற பெயர்களிற் பல கிரேக்க புராணங்களிலிருந்து வந்தவை. வெட்ட வெட்டத் தலை முளைக்கும் ஹைட்ரா என்னும் நீர்ப்பாம்பின் பெயர், தீர்க்கத் தீர்க்கப் பெருகும் தொல்லைக்கு வழங்குகின்றது. அப்பெயர்களுள் கடலிலே வாழ்ந்த இரண்டு பூதங்களின் பெயர்கள் மட்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் இணைந்தே வழங்கும் பெற்றியுடையன. அவை ஸ்கில்லா, கரிப்டிஸ் என்பன. 'ஸ்கில்லாவுக்கும் கரிப்டிஸுக்கும் இடையே' என்னும் தொடர், இருபுறமும் இடர் சூழ்ந்த நிலையைக் குறிக்கும். ஆங்கில நூல்களிலே இத்தொடரைக் காணும் மாணவர், ஏட்டின் ஓரத்திலே 'இருதலைக் கொள்ளி' என்று பொருளெழுதி மேற்செல்வர். அப்பொருள் பிழையன்று, ஆயின் முழுமையுமன்று. கிரேக்கக் கதையின் உயிர்நிலையான பகுதி அப்பொருளிலே அடங்கவில்லை. அப்பகுதியோ, கடலைக் காணாத மலைநாட்டிலே, லிந்துலையை ஒத்த ஊர்களின் மக்களுக்கு ஏனையோரினும் நன்கு விளங்கத்தக்கது.

இக்கதைக்கு மூலமாக நிற்பது ஹோமர் பெயரால் வழங்கும் ஒடிசி என்னும் காவியம். இருபத்து நான்கு பிரிவுகளைக் கொண்ட அந்நூலின் பன்னிரண்டாம் பிரிவிலே இது வருகின்றது. திரோய் நகரப் போர் முடிந்து தன் நாடாகிய இத்தாக்காவுக்கு மீளும் ஒடிசியஸ் என்னும் மன்னன், கடலிலே அலைந்து, கிர்க்கி என்னும் மாயப்பெண்ணின் தீவை அடைகின்றான். அவள் அவனுக்கு மேலே செல்லும் வழியைக் கூறுகின்றாள். வழியிலே ஒடுங்கிய நீர்ப்பரப்பொன்று உண்டு; அதன் இருமருங்கிலும் பாறைகள் உண்டு. ஒரு பாறை முகிலைத் தொடுமளவு உயர்ந்தது. அதன் நடுவே இருண்ட குகையொன்றிலே ஸ்கில்லா வாழ்கின்றாள். அவளுக்குப் பன்னிரண்டு கால்கள், நீண்ட ஆறு கழுத்துகள், கழுத்துக்கொரு தலை, தலைதோறும் மூன்று வரிசைப் பற்கள். குரல் மட்டும் நாய்க்குட்டியின் குரலை ஒத்தது. குகையிலிருந்தவாறே தலைகளை நீட்டிக் கடல்வாழ் உயிர்களைப் பற்றித் தின்பாள்; கப்பல் வருமாயின் தலைக்கொருவராக ஆறு பேரைக் கவ்விச்செல்வாள்.

எதிர்ப்பாறை தாழ்ந்தது, அம்பெய்யும் தொலைவிலே உள்ளது. அதன்மேல் பெரிய அத்திமரம் ஒன்று தழைத்து நிற்கும். அதன்கீழே கரிப்டிஸ் இருக்கின்றாள். நாளொன்றுக்கு மும்முறை அவள் கடல்நீரை உறிஞ்சி மும்முறை உமிழ்வாள். உறிஞ்சும் வேளையிலே அங்கு அகப்பட்ட கப்பலைக் கடற்றேவனாலும் மீட்க இயலாது. ஸ்கில்லா உருவுடைய பூதம். கரிப்டிஸோ பூதமாக எண்ணப்பட்ட நீர்ச்சுழி.

இவ்விரண்டினையும் கூறிய கிர்க்கி, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறும் அறிவுறுத்துகின்றாள். கப்பலை ஸ்கில்லாவின் பாறையை ஒட்டி விரைந்து செலுத்த வேண்டும். எல்லோரையும் ஒருங்கே இழப்பதினும் ஆறு பேரை இழந்து வருந்துதல் மேல் என்பது அவள் கருத்து. கரிப்டிஸையும் தப்பி ஸ்கில்லாவையும் எதிர்த்து வெல்ல வழியில்லையோ என ஒடிசியஸ் வினவுகின்றான். அவள் அவனைக் கடிந்து, ஸ்கில்லா சாவில்லாத தீமை என்றும், அவளோடு பொருவதற்காகத் தாமதித்தால் மேலும் ஆறு பேரை அவள் கொண்டுசெல்வாள் என்றும் கூறுகின்றாள்.

கதையின் நெஞ்சு இதற்குப் பின்னரே உள்ளது. ஒடிசியஸ் நீரிணையை அணுகும்போது தோழர்க்குத் தைரியம் கூறுகின்றான். மாலுமிக்கு, நுரைத்தெழும் சுழியை விலக்கிப் பாறையை ஒட்டிச் செல்லுமாறு பணிக்கின்றான். ஆயின் ஸ்கில்லாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அறிந்தால் அவர்கள் அஞ்சித் துடுப்பை விட்டுக் கப்பலின் அடியிலே பதுங்கிவிடுவர் என்று அவன் எண்ணினான். அவர்கள் எல்லோரும் கரிப்டிஸையே நோக்கி அஞ்சியிருந்த வேளையிலே, மறுபுறத்திலிருந்து ஸ்கில்லா ஆறு பேரைக் கவர்ந்தாள். வானிலே தூக்கப்பட்ட அவர்கள் கைகால்களை ஆட்டி அவன் பெயரைச் சொல்லிக் கதறினர். கடல்வழிகளிலே தான் கண்டவற்றுள் இதுவே மிக இரங்கத்தக்க காட்சி என்று ஒடிசியஸ் பின்னாளிலே கூறுவதாகக் காவியம் அமைகின்றது.

கதை அத்துடன் முடியவில்லை. சூரியனுக்குரிய ஆநிரையைக் கொன்றுண்ட பிழையால் எஞ்சிய தோழர் அனைவரும் கப்பலுடன் அழிகின்றனர். ஒடிசியஸ் மட்டும் மரத்துண்டுகளைப் பற்றி மிதந்து, காற்றினால் மீண்டும் அந்நீரிணைக்கே தள்ளப்படுகின்றான். இம்முறை கரிப்டிஸ் நீரை உறிஞ்சுகின்றாள். அவன் பாய்ந்து, பாறைமேல் நின்ற அத்திமரத்தைப் பற்றிக்கொள்கின்றான். காலூன்ற இடமில்லை, மேலேறவும் வழியில்லை. விழுங்கிய மரத்துண்டுகளைச் சுழி உமிழும்வரை, வௌவால்போல நெடுநேரம் தொங்கிக் கிடக்கின்றான். ஒருமுறை ஒன்றைத் தப்பியவன் மறுமுறை மற்றொன்றிலே அகப்படுகின்றான்.

பின்வந்த புலவர் இக்கதையை வளர்த்தனர். உரோமப் புலவர் ஓவிட், ஸ்கில்லா முன்னர் அழகிய கன்னியாயிருந்தாள் என்றும், கிளாக்கஸ் என்னும் கடற்றேவன் அவளைக் காதலித்தமையால் பொறாமைகொண்ட கிர்க்கி அவள் நீராடும் பொய்கையிலே நஞ்சு கலந்து பூதமாக்கினாள் என்றும் பாடினார். அவர் கூற்றின்படி பூதமும் முன்னர்ப் பிறரால் வஞ்சிக்கப்பட்ட ஓர் உயிரே. இத்தாலிக்கும் சிசிலித் தீவுக்கும் இடையேயுள்ள மெசினா நீரிணையே கதையின் களம் என்பது பண்டையோர் கொள்கை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் தூசிடிடிசும் அந்நீரிணையையே கரிப்டிஸ் என்று குறித்தார். இத்தாலியக் கரையிலே ஸ்கில்லாவின் பெயர் தாங்கிய ஊர் இன்றும் உண்டு. நீரிணை மிகக் குறுகும் இடத்திலே அகலம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். வடக்கிலும் தெற்கிலும் உள்ள கடல்களின் ஏற்றவற்றங்கள் ஒன்றற்கொன்று மாறுபட்டிருத்தலால், ஏறத்தாழ ஆறு மணிக்கொருமுறை நீரோட்டம் திசைமாறுகின்றது, சுழிகளும் தோன்றுகின்றன. அக்காலத்துச் சிறுகலங்களுக்கு அவை பேரிடராய் இருந்தமை வியப்பன்று.

பெயர்கள் பழமொழியான வரலாறும் நெடியது. 12ஆம் நூற்றாண்டிலே ஷத்தியோன் நகர வால்ட்டர் என்னும் புலவர் இலத்தீனிலே இயற்றிய அலெக்சாந்தர் காவியத்திலே, கரிப்டிஸைத் தப்ப விரும்பி ஸ்கில்லாவிடம் அகப்படுதல் என்னும் கருத்து வாய்பாடாக அமைந்தது. பின்னர் எராஸ்மஸ் தமது பழமொழித் தொகுப்பிலே அதனை விளக்கினார். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்திலே, வேலையாள் லான்சலட் எசமானன் மகளிடம் தந்தையை ஸ்கில்லாவாகவும் தாயைக் கரிப்டிஸாகவும் வைத்து நகையாடுகின்றான். வேலையாள் வாயிலே இப்பெயர்களை நாடகாசிரியர் வைத்தமை, அவை அக்காலத்திலே எத்துணைப் பழக்கமாயிருந்தன என்பதைக் காட்டும். விலங்கியலாரும் இப்பெயர்களை விடவில்லை. 1833இல் டி ஹான் என்னும் டச்சு அறிஞர் நண்டினங்கள் இரண்டுக்கு ஸ்கில்லா, கரிப்டிஸ் எனப் பெயரிட்டார். புத்தளக் களப்பிலே பிடிபட்டுக் கறியாகும் பெரிய சேற்று நண்டு, நூல்வழக்கிலே ஸ்கில்லாவே ஆகும்.

இவ்வாறு பரவிய தொடர், பரவுந்தோறும் பொருள் மெலிந்தது. நாளிதழ் எழுதுவோரும் மேடையிற் பேசுவோரும் இதனை 'இரண்டு சங்கடங்களுக்கு நடுவே' என்னும் அளவிலேயே வழங்குகின்றனர். கிர்க்கியின் அறிவுரை, மாலுமியின் கை, சொல்லப்படாத செய்தி, இழக்கப்பட்ட ஆறு பேர் என்பன உதிர்ந்துபோயின.

தமிழிலே இந்நிலையைக் குறிக்கும் உவமைகள் பல. அவற்றை ஒருங்கு வைத்து நோக்கினால் ஒவ்வொன்றும் வெவ்வேறு துன்பத்தைக் குறிப்பது புலனாகும்.

அவற்றுள் தொன்மையானது இருதலைக் கொள்ளி எறும்பு. அகநானூற்றின் 339ஆம் பாட்டிலே, பொருள்தேடிச் செல்லும் தலைவன், வினை ஒருபாலும் காதல் ஒருபாலும் ஈர்க்க நிற்கும் தன்னை அவ்வெறும்போடு ஒப்பிடுகின்றான். எறும்பு அங்கு 'உறவி' எனப்படுகின்றது. மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்திலே இறைவனைப் பிரிந்த தம் நிலைக்கு அவ்வுவமையையே எடுத்தாள்கின்றார். இருமுனையும் எரியும் கட்டையின் நடுவே நிற்கும் எறும்புக்குத் தெரிந்தெடுக்க ஒன்றுமில்லை. எப்பக்கம் சென்றாலும் தீ. செல்லாது நின்றாலும் தீ அதனை நோக்கி வரும். நற்றிணை 284ஆம் பாட்டிலே வேறோர் உவமை வருகின்றது. இரண்டு களிறுகள் இருமுனையும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறாகத் தலைவன் தன் உடலைக் காண்கின்றான். அப்பாட்டைப் பாடியவர் பெயரும் அவ்வுவமையாலே தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றாயிற்று. எறும்பின் துன்பம் வெளியேற முடியாமை. கயிற்றின் துன்பம் அறுபடுதல்.

வடமொழியிலே ஒருபுறம் புலியும் ஒருபுறம் செங்குத்தான கரையும் என்னும் நியாயம் உண்டு. அங்கு இருபுறமும் சாவு ஒப்பானது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இடையிலே நிற்பவன் பெறும் அடியைக் குறிக்கும். துரைக்கும் தொழிலாளர்க்கும் நடுவே நின்ற கணக்கப்பிள்ளையின் பாட்டைச் சொல்ல அதனினும் பொருந்திய பழமொழி இல்லை. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பதோ தெரிவையே மறுப்பது. இரண்டும் சுடும், ஆராய்ந்து பயனில்லை என்பது அதன் துணிபு.

கிர்க்கியின் அறிவுரை இக்கடைசிப் பழமொழிக்கு நேர்மாறானது. கொள்ளிகளுள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு, குறைந்த சூட்டினைத் தெரிந்தெடு என்கின்றாள் அவள். குலத்தைக் காக்க ஒருவனை இழத்தல் தகும் என்று மகாபாரதத்திலே விதுரர் கூறும் நீதியும் இவ்வகையினதே. அரசியல் நடத்துவோர்க்கு இந்நீதி தவிர்க்கவியலாத கருவி. ஆயின் அந்நீதி ஒரு வினாவை எழுப்பாமலே விடுகின்றது. இழக்கப்படும் அந்த ஒருவனிடம் யாரேனும் கேட்டனரோ என்பதே அது. ஹோமர் அவ்வினாவை வாய்விட்டுக் கேட்கவில்லை. எனினும், பெயர் சொல்லிக் கதறிய ஆறு பேரின் கூக்குரலைக் காவியத்திலே பதித்து, படிப்போரைக் கேட்கச் செய்தார். கிரேக்கத் தொடர் தமிழ் உவமைகளோடு சேர்க்கும் புதுப்பொருள் இதுவே. அது வெறுமனே இரண்டு இடர்களைக் கூறுவதன்று. கடந்தே தீரவேண்டிய வழி, அவ்வழியிலே கப்பலைச் செலுத்துவோன் செய்யும் தெரிவு, அத்தெரிவுக்கு விலைகொடுப்போர் வேறு சிலராதல் என்னும் மூன்றும் அதனுள் அடங்கும்.

கடற்பூதங்கள் காக்கும் நீரிணை தமிழர் கதைமரபிலும் உண்டு. அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட கடலே. அனுமன் அக்கடலைத் தாவும்போது சுரசை வாய்திறந்து மறிக்கின்றாள். சிம்மிகை என்னும் அரக்கி அவன் நிழலைப் பற்றி இழுக்கின்றாள். கம்பர் இவளை அங்காரதாரை என்பர். அனுமன் சுரசையின் வாயினுள் நுண்ணுருவாய்ப் புகுந்து மீள்கின்றான். அரக்கியின் உடலைப் பிளந்து வெளிவருகின்றான். அங்கு அறிவும் ஆற்றலும் முழுவெற்றி தருகின்றன, ஒருவரும் இழக்கப்படவில்லை. கடப்பவன் தனியன், தன் உயிரையே பணயம் வைக்கின்றான். ஒடிசியஸோ பலரைச் சுமந்த கப்பலுக்குத் தலைவன். இவ்விரு கதைகளின் வேறுபாடும் இதிலேதான் தங்கியுள்ளது.

அனுமன் தாவிய கடலைப் பிற்காலத்திலே இலட்சக்கணக்கான எளிய மக்கள் கடந்தனர். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பிக்கும், இலைநோயினாற் கோப்பி அழிந்தபின் தேயிலைக்கும், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே வந்தோர், மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியிலே மாண்டோர் பலர். ஆகரா ஓயாவின் இருமருங்கிலும், லிந்துலை, ஆகரபத்தனை, தலவாக்கலை மலைச்சரிவுகளிலும் காடழித்துத் தேயிலை நட்டோர் அவர்கள் வழியினரே. அவர்கள் வாழ்ந்தது லயக் காம்பராவிலே. ஆயினும் 'ஊர்' என்னும் சொல்லை நெடுங்காலம் கடலுக்கு அப்பாலுள்ள கிராமத்துக்கே வைத்திருந்தனர். பிறந்தது இக்கரை, பேச்சிலே ஊர் அக்கரை என்னும் அந்நிலை சொல்லளவிலே நின்றவரை இடரில்லை. சட்டம் அச்சொல்லைப் பற்றிக்கொண்டபோது அது சுழியாயிற்று.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். லிந்துலைக்கு அண்மையிலுள்ள தலவாக்கலைத் தொகுதியிலே எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தெரிவாயினார். அடுத்த ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, தந்தைவழி முன்னோரோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று காட்டவேண்டும் என்னும் நிபந்தனையைப் பிறப்புப் பதிவற்ற தோட்ட மக்களிற் பெரும்பாலோர் நிறைவுசெய்ய இயலவில்லை. 1949ஆம் ஆண்டின் சட்டப்படி ஏறக்குறைய 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பிலே விண்ணப்பங்கள் சென்றன; குடியுரிமை பெற்றோர் ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே. வாக்குரிமையும் நீங்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே மலையகத் தமிழரின் பிரதிநிதி ஒருவரும் தெரிவாகவில்லை. இவர்கள் இந்தியர் என்றது இலங்கை. இலங்கையிலே வேரூன்றியோர் என்றது இந்தியா. எந்நாட்டுக்கும் உரிமையற்ற இந்நிலை ஒருவரையன்றி ஒரு சமூகத்தையே விழுங்கும் தன்மையது; அதுவே கரிப்டிஸ்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் பிரதமர்கள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் தொகை 9 இலட்சத்து 75 ஆயிரம் எனக் கொள்ளப்பட்டது. அவர்களுள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, இதனை 15 ஆண்டுகளிலே நிறைவேற்றுவது என்று முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இம்முடிவு அம்மக்களைக் கலந்து பேசாமலே எடுக்கப்பட்டது. இலங்கைக் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்தோர் தொகை ஒதுக்கப்பட்ட 3 இலட்சத்தை எத்துணையோ விஞ்சியிருந்தமை, அவர்தம் விருப்பம் எப்பக்கம் சாய்ந்ததென்பதைக் காட்டும்.

தலைவர் இருவரையும் கொடியோர் என்று தள்ளிவிடுதல் எளிது. அது கதையைத் தவறாகப் படிப்பதாகும். நாடற்ற நிலை முடிவின்றித் தொடர்வதினும் ஒரு பங்கினரை அனுப்பி மறுபங்கினரை நிலைநிறுத்துதல் மேல் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். கிர்க்கியின் கணக்கும் அதுவே. கணக்கிலே பிழையில்லாதிருக்கலாம். எனினும் எண்ணிக்கை பேசப்பட்ட அறையிலே, எண்ணப்பட்டோர் இருக்கவில்லை. துடுப்புப் பிடித்தோர் ஒரு பாறையை நோக்கியிருக்க, மறுபாறையிலிருந்து கை நீண்டது.

அதன் விளைவு லயங்களிலே தெரிந்தது. ஒரே குடும்பத்திலே மூத்த மகனுக்கு இலங்கைக் குடியுரிமையும் பெற்றோர்க்கு இந்தியக் கடவுச்சீட்டும் வந்ததுண்டு. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு, நிற்பதா போவதா என்று தயங்கியோர் பலரை அக்கரைக்குத் தள்ளியது. மலைநாட்டிலிருந்து புகைவண்டியிலே தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலேறி இராமேசுவரம் அடைந்து, மண்டபம் முகாமின் வழியே அவர்கள் பிரிந்து சென்றனர். அவ்வாறு சென்றோர் தொகை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டது. தாயகம் திரும்பியோருக்கு வேலையளிக்கத் தமிழ்நாட்டு அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டமொன்றைத் தொடங்கியது. நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலே பலர் மீண்டும் கொழுந்து பறித்தனர். இலங்கையிலே இந்தியாக்காரர் எனப்பட்டோர் அங்கே சிலோன்காரர் எனப்பட்டனர். எனினும் அவர்கள் ஸ்கில்லாவிடம் அகப்பட்டோர்போல அழிந்துவிடவில்லை. புதுநிலத்திலே வீடும் பள்ளியும் கோயிலும் எழுப்பி வாழ்ந்தனர் என்பதும் மறக்கத்தக்கதன்று. உவமை எவ்வளவு பொருந்தினும் மனித வாழ்வு அதனுள் முற்றும் அடங்குவதில்லை.

அத்திமரத்திலே தொங்கிய ஒடிசியஸின் நிலையும் சிலருக்கு வாய்த்தது. 1984இல் போர்ச்சூழலால் தலைமன்னார்க் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் போக வழியின்றிப் பல்லாயிரவர் தோட்டங்களிலேயே தங்கினர். சட்டப்படி அவர்களுக்கு இக்கரை இல்லை. கப்பலின்மையால் அக்கரையும் இல்லை. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை அளிக்க வழிசெய்தது. அத்திமரத்திலே தொங்கியோரின் கால் தரையைத் தொட்டது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே. 1948க்கும் 2003க்கும் இடைப்பட்டவை 55 ஆண்டுகள். ஒரு தலைமுறை பிறந்து வேலைசெய்து ஓய்வுபெறும் காலம் அது.

ஒரு மொழியின் தொடரை இன்னொரு மொழியிலே பொருள்கொள்ளுதல், அகராதியிலே ஒத்த சொல் காண்பதோடு முடிவதன்று. உரிமை எப்பக்கமும் இல்லாது நின்ற 1948க்குப் பின்னைய ஆண்டுகளின் மலையக மக்களுக்கு இருதலைக் கொள்ளி எறும்பு பொருந்தும். தாய் ஒரு நாடும் மகன் ஒரு நாடுமாகப் பிரிந்த குடும்பத்துக்கு நற்றிணையின் பழங்கயிறு பொருந்தும். பிறர் செலுத்திய கப்பலிலே, பிறர் போட்ட கணக்கிலே, தாம் அறியாமல் விலையாகிய நிலையைச் சொல்வதற்கே ஸ்கில்லாவும் கரிப்டிஸும் வேண்டும். ஆதலின் இத்தொடரை எழுத்திலே எடுத்தாள்வோர், இருபுறமும் இடர் என்று கூறியதோடு அமைதல் போதாது. கப்பலைச் செலுத்தியவர் யாவர், வழி எதுவெனத் துடுப்புப் பிடித்தோர்க்குச் சொல்லப்பட்டதா, இழக்கப்பட்டோர் எத்தனை பேர் என்னும் மூன்று வினாக்களையும் உடன் கேட்டல் வேண்டும். ஒடிசியஸ் கரைசேர்ந்த கதையைப் பாடிய காவியமே, அவன் பெயரைச் சொல்லிக் கதறியோரின் குரலையும் மறவாது வைத்திருக்கின்றது.